காயங்களோடு உயிர்த்தவர்: யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மரபில் மனித நலிவின் ஆன்மிகப் பொருள்

1. கேள்வியும் இதுவரையான விடைகளும்

நோயும் மூப்பும் இழப்பும் சாவும் மனித உடலை விடுவதில்லை. இதைப் பற்றிப் பேசாத சமயமும் இல்லை. கிறிஸ்தவத்தில் இந்தப் பேச்சு தனிக் கூர்மை பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு: அந்தச் சமயத்தின் நடுவில் இருப்பது சித்திரவதை செய்து கொல்லப்பட்ட ஓர் உடல். அந்த உடலை வணங்குபவர்கள் தங்கள் உடலின் நலிவையும் அதன் வழியாகவே பார்க்கப் பழகுகிறார்கள். நலிவு கடவுளிடம் கொண்டுசேர்க்கும் வழி என்று மறையுரைகள் சொல்கின்றன. செபங்கள் அதையே திரும்பச் சொல்கின்றன. முப்பது ஆண்டு போரைக் கடந்து வந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கூற்றை எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இங்கே துன்பத்துக்குப் பொருள் கற்பிப்பவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: மனித நலிவில் ஆன்மிகப் பொருள் காணும் முயற்சி, துன்பத்தை நியாயப்படுத்துவதில் போய் முடியாமல் இருக்க முடியுமா?

கிறிஸ்தவ இறையியலில் இதுவரை வழங்கிவரும் விடைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, துன்பம் பாவத்தின் தண்டனை அல்லது விசுவாசத்தின் சோதனை என்பது. மக்கள் வழக்கில் இன்றும் வலுவாக நிற்பது இதுதான். இரண்டாவது, மனிதர் தம் துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுக்கும்போது அது மீட்பின் பணியில் பங்காகிறது என்பது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் மனிதத் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடல் இந்தப் பார்வையின் முழுமையான விளக்கம். மூன்றாவது, கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்று பார்ப்பவர் அல்லர், அவரே துன்புறுகிறவர் என்பது. யப்பானிய இறையியலாளர் கசோ கிதாமோரி 1946இலும், ஜெர்மானியரான யுர்கன் மோல்ட்மான் 1972இலும் வெளியிட்ட நூல்கள் இதை முன்வைத்தன. இருவரும் இரண்டாம் உலகப் போரின் அழிவைக் கண்ட தலைமுறையினர்.

மூன்றிலும் உண்மையின் கூறுகள் உண்டு. ஆனால் மூன்றும் துன்பத்தின் பொருள் என்ன என்று கேட்கின்றனவே தவிர, அந்தத் துன்பம் எங்கிருந்து வந்தது என்பதை முதற்கேள்வியாக வைப்பதில்லை. காய்ச்சலில் சாகும் குழந்தையும் குண்டுவீச்சில் சாகும் குழந்தையும் துன்பம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். உயிரோடு பிறந்த நலிவு ஒன்று. மனிதர் மனிதருக்குச் செய்யும் காயம் வேறொன்று. யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மரபைக் கூர்ந்து பார்த்தால், அது தன் சிறந்த தருணங்களில் இந்த இரண்டையும் பிரித்தறிந்து இரண்டுக்கும் வெவ்வேறு மறுமொழி தந்திருப்பது தெரிகிறது. நலிவு தன்னளவில் புனிதமானதல்ல. அதற்குக் கொடுக்கப்படும் மறுமொழியில்தான் ஆன்மிகப் பொருள் பிறக்கிறது. புலம்பல், பராமரிப்பு, சாட்சியம் ஆகிய மூன்றும் அந்த மறுமொழியின் வடிவங்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. சூலையும் முள்ளும்: குடாநாட்டின் சமயச் சூழல்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் துன்பத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது சைவத்தின் அயலில் இருந்தே சிந்திக்கிறார்கள். சைவ சித்தாந்தம் துன்பத்துக்குத் தெளிவான விளக்கம் வைத்திருக்கிறது. கன்மம் அனுபவித்துத் தீர வேண்டியது. இறைவன் தரும் துன்பமும் அவனுடைய மறக்கருணை. உயிரைப் பக்குவப்படுத்துவதே அதன் நோக்கம். இந்த விளக்கத்தின் உயிருள்ள உருவம் அப்பரின் வரலாறு. சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெயர்பெற்ற அவரைச் சூலை நோய் பற்றுகிறது. தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி வந்து திருவதிகையில் பாடியதும் நோய் நீங்குகிறது. நோய் இங்கே இறைவனின் அழைப்பு. அழைப்பு கேட்கப்பட்டதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இதன் பக்கத்தில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுல் சொல்வதை வைத்துப் பார்க்கலாம். தம் உடலில் தைத்த முள் ஒன்றைப் பற்றி அவர் பேசுகிறார். அது என்ன நோய் என்று சொல்லவில்லை. அதை நீக்கும்படி மூன்று முறை மன்றாடுகிறார். முள் நீங்கவில்லை. தமது அருள் போதும் என்றும், வலுவின்மையில்தான் தமது வல்லமை நிறைவாகிறது என்றும் ஆண்டவர் சொன்னதாக அவர் எழுதுகிறார். சூலையில் குணமாதல் அருளின் அடையாளம். முள்ளில் அருள் இருக்கிறது, குணமாதல் இல்லை. இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று காட்டுவதற்காக இந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை. நோய் நீங்காதபோது கடவுளைப் பற்றி என்ன சொல்வது என்ற கேள்வியைக் கிறிஸ்தவ மூலநூல் தன் நடுவிலேயே வைத்திருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இன்னொரு வாயிலைத் திறக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், பாவம் செய்தவர் இவரா இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். வினையையும் விளைவையும் இணைக்கும் அந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துக் காதுக்குப் புதிதல்ல. இயேசு இரண்டையும் மறுக்கிறார். மறுத்துவிட்டு அந்த மனிதரின் கண்ணில் சேறு பூசுகிறார். காரணம் தேடிய பேச்சு நின்று கைவேலை தொடங்குகிறது. யோபு நூலிலும் இதே திருப்பம் உண்டு. துன்பத்துக்கு ஒழுங்கான காரணங்களை அடுக்கிய நண்பர்கள் இறுதியில் கடவுளால் கண்டிக்கப்படுகிறார்கள். முறையிட்டுப் புலம்பிய யோபுவே சரியாகப் பேசியவர் என்று ஏற்கப்படுகிறார். இந்தப் பகுதிகளை அருகருகே வைத்தால், விளக்கத்துக்கு முன்னால் மறுமொழி என்ற வரிசை கிறிஸ்தவ மூலநூல்களிலேயே இருப்பது தெளிவாகும்.

அருள் என்ற கருத்தைக் கிறிஸ்தவம், இந்து மரபுகள் ஆகிய இரண்டிலும் ஒப்பிட்டு ஆழமாக ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்தவரே. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதற் பேராயரான சபாபதி குலேந்திரன் இந்தப் பொருளில் எழுதிய ஆங்கில நூல் 1964இல் வெளிவந்தது. சைவத்தை எதிரியாக மட்டும் பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்டன நூல்களின் காலத்திலிருந்து குடாநாட்டுக் கிறிஸ்தவச் சிந்தனை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அந்த நூல் காட்டுகிறது. நலிவைப் பற்றிய உரையாடலும் அந்தத் தரத்தில் நடக்க வேண்டியது.

3. புலம்பல்: வியாகுலப் பிரசங்கத்தின் இறையியல்

யாழ்ப்பாணக் கத்தோலிக்க மக்களிடம் நலிவின் இறையியலை நூல்களைவிட அதிகமாகக் கொண்டுசேர்த்தது தவக்காலப் புலம்பல் மரபு. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த ஓறற்றோரியன் சபைக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நிறைய எழுதினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றும் வடபகுதிக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் வாசிக்கப்படுகிறது. அதை உரைநடையாக வாசித்துவிட்டுப் போவதில்லை. ஒருவர் இராகம் இழுத்து நீட்டி வாசிக்க, இடையிடையே ஒப்பாரி எழுகிறது. இயேசுவின் பாடுகள் செத்தவீட்டின் குரலில் சொல்லப்படுகின்றன.

பெரிய வெள்ளியன்று இந்தப் புலம்பல் கண்ணுக்கும் தெரிகிறது. சிலுவையிலிருந்து இறக்குவதற்கென்றே தோள்மூட்டில் இணைப்பு வைத்துச் செய்யப்பட்ட சுரூபங்கள் உண்டு. ஆணியைக் கழற்றியதும் கை தானாக மடங்கி விழும். கீழே நிற்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். பிறகு சுரூபத்தை ஆசந்தியில் கிடத்திப் பவனியாகக் கொண்டுபோவார்கள். மக்கள் வரிசையில் வந்து பாதத்தை முத்தி செய்வார்கள். மன்னார்ப் பேசாலையில் புகழ்பெற்ற உடக்குப்பாசும் இவ்வாறு உருவங்களைக் கொண்டு பாடுகளைக் காட்டும் மரபுதான். 1965இல் அருட்தந்தை நீ. மரியசேவியர் நிறுவிய திருமறைக் கலாமன்றம் இதே பாடுகளின் கதையைப் புதிய அரங்க மொழியில் பல ஆண்டுகள் மேடையேற்றியது. போர் நடந்த ஆண்டுகளிலும் அந்தப் பணி நடந்தது. கடற்கரை ஊர்களின் தென்மோடிக் கூத்தில் எஸ்தாக்கியார் போன்றோரின் கதைகள், அடுத்தடுத்து எல்லாவற்றையும் இழக்கும் மனிதரை ஊர் நடுவில் நிறுத்துகின்றன.

இந்த மரபைப் பக்திப் பெருக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கடந்த நூற்றாண்டின் திருவழிபாட்டுச் சீர்திருத்தக் காலத்தில் இத்தகைய மக்கள் பக்தி முயற்சிகள் பல பின்தள்ளப்பட்டன. ஆனால் இறையியல் நோக்கில் இவை ஒரு முக்கியமான காரியத்தைச் செய்கின்றன: சாவை விளக்காமல் அதன் முன்னால் அழுகின்றன. மரியாள் மகனின் உடலை மடியில் கிடத்தி அழும்போது, உயிர்ப்பு வரப்போகிறது என்ற அறிவு அந்த அழுகையைக் குறுக்கிடுவதில்லை. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண், போனவரின் குணத்தைச் சொல்வாள். விட்டுப்போனதற்காக அவரையே கோபிப்பாள். விதியையும் கடவுளையும் கேள்வி கேட்பாள். திருப்பாடல்களில் பெரும் பகுதி இவ்வாறு முறையிடும் பாடல்களே. சிலுவையில் இயேசுவும் அப்படி ஒரு பாடலின் தொடக்கத்தைச் சொல்லித்தான் கதறுகிறார். ஆகவே புலம்பலை விசுவாசத்தின் தளர்ச்சி என்று கொள்ள இடமில்லை. விசுவாசம் பேசும் மொழிகளுள் அதுவும் ஒன்று.

இதன் சமூகப் பயனை உளமருத்துவமும் கண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைத் தனிமனித நோயாக மட்டும் பார்க்காமல் கூட்டு மனவடுவாகக் கண்டார். ஒரு சமூகத்தின் உறவுகளும் நம்பிக்கைகளும் சடங்குகளும் சேர்ந்தே உடைந்துபோகின்றன என்றும், அவற்றை மீட்பதும் சிகிச்சையின் பகுதி என்றும் அவருடைய எழுத்துகள் வலியுறுத்துகின்றன. இந்தப் பார்வையில் தவக்காலப் புலம்பல் ஒரு சமூகம் தன் துக்கத்தைச் சேர்ந்து தாங்கக் கற்றுக்கொண்ட முறை. அதே வேளை ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆண்டுக்கு ஒருமுறை அழுது முடித்துவிட்டு, அழவைத்த காரணங்களைத் தொடாமல் வீடு திரும்பினால், புலம்பல் வெறும் வடிகாலாகிவிடும். அதனால்தான் புலம்பலோடு மற்ற இரண்டு மறுமொழிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. பராமரிப்பு: சில்லாலையிலிருந்து மானிப்பாய் வரை

1687இல் யோசேவ் வாஸ் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த விதம் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. போர்த்துக்கேயர் காலத்தில் கிறிஸ்தவம் அரச அதிகாரத்தின் நிழலில் நின்றது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றிய பின்னர், வாஸ் கூலியாளின் கோலத்தில் மறைவாக வந்தார். வந்தவுடன் கடும் வயிற்றோட்டம் கண்டு படுத்துவிட்டார். முன்பின் அறியாத மக்களின் இரக்கத்தில்தான் பிழைத்து எழுந்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. பின்னர் சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைந்திருந்து பணிசெய்தார். கண்டியில் 1697இல் பெரியம்மை பரவியபோது, ஆட்கள் ஓடிப்போன வீடுகளுக்குள் புகுந்து நோயாளரைப் பராமரித்தார். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றே மடுத் திருத்தலத்துக்கும் சென்றார்.

புனிதர் வரலாறுகள் தம் நாயகரின் துன்பத்தைப் பெரிதாக்கிச் சொல்லும் என்ற ஐயம் நியாயமானது. அந்த ஐயத்தைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வரலாற்றின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அதிகாரத்தோடு வந்த கிறிஸ்தவம் அதிகாரம் போனதும் ஆட்டம் கண்டது. நலிந்து வந்த குருவை ஊர் தாங்கிக்கொண்டபோது அது மறுபடி வேர்பிடித்தது. இங்கே நலிவு புண்ணியமாகச் சேர்த்து வைக்கப்படவில்லை. ஒருவரின் இயலாமை மற்றவரின் இரக்கத்துக்கு இடம் கொடுத்தது. பராமரிக்கப்பட்டவரே பிறகு பராமரிப்பவரானார். நலிவு உறவுக்கான வாசல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குக் குடாநாட்டு வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

புரட்டஸ்தாந்து மரபில் இதற்கு இணையான சான்று அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணி. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயை இறைவனின் சித்தம் என்று சொல்லி ஆறுதல் கூறுவதோடு அவர் நிற்கவில்லை. தமிழ் கற்றார்; தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. உடலின் எலும்பையும் நரம்பையும் ஒவ்வொன்றாகப் பெயரிட்டுச் சொல்லும் இந்த நூல்கள் பக்தி நூல்கள் அல்ல. ஆனாலும் உடலின் நலிவை இவ்வளவு பொறுமையாகக் கவனிப்பது தன் வகையில் ஒரு விசுவாசச் செயலே. தம்மைத் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளராகவே கிறீன் கண்டார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென எழுந்த மக்லியொட் மருத்துவமனை இந்தப் பணியைப் பிரசவ அறைக்குள் கொண்டுசென்றது.

மருத்துவம் மதமாற்றத்தின் கருவியாக இருந்தது என்ற விமர்சனத்தை மறைக்கத் தேவையில்லை. மிஷன் ஆவணங்களே அந்த நோக்கத்தை ஒளிக்காமல் சொல்கின்றன. ஆறுமுக நாவலர் காலத்துச் சைவ எழுச்சி, கல்வியும் மருத்துவமும் சமயத்தோடு கட்டிக் கொடுக்கப்பட்டதை எதிர்த்ததிலும் நியாயம் உண்டு. நோயாளியின் இயலாமையை மதம் பரப்பும் வாய்ப்பாகப் பயன்படுத்துவது நலிவுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் கிறீனிடம் மருத்துவம் கற்றவர்களுள் சைவரும் இருந்தார்கள். தமிழில் உருவான மருத்துவ அறிவு எல்லாருக்கும் சென்றது. பராமரிப்பு தன் நோக்கத்தையும் மீறிப் பொதுச்சொத்தாகும் ஆற்றல் உடையது. ஆன்மிகப் பொருளை அந்த மீறலில் தேட வேண்டும். மதம் மாறியவர்களின் எண்ணிக்கையில் அது இல்லை.

5. சாட்சியம்: செய்யப்பட்ட காயங்கள்

போர் இந்த வாதத்தின் கடினமான பகுதி. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 1995 யூலை 9 அன்று, இராணுவ நடவடிக்கையிலிருந்து தப்பி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் ஒதுங்கியிருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆலயம் பாதுகாப்பான இடம் என்று நம்பி வந்தவர்களில் சைவரும் இருந்தனர். அதே ஆண்டு ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2006 ஓகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் எறிகணைகளால் கொல்லப்பட்டனர். காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடிய பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் ஒரு வாரம் கழித்து, ஓகஸ்ட் 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டார்.

இந்தச் சாவுகளை நோய்ச்சாவுகளுக்குரிய இறையியல் மொழியில் பேசினால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். கடவுளின் சித்தம் என்று சொன்னால், குண்டு போட்டவரின் சித்தம் கண்ணில் படாமல் போகிறது. கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு என்று மட்டும் சொன்னால், கொல்லப்பட்டவர்கள் தாமே ஒப்புக்கொடுத்த பலி போல ஆகிவிடுகிறார்கள்; அவர்களை யாரும் கேட்கவில்லை. சிலுவையின் கதையே இதற்கு இடம் தருவதில்லை. நற்செய்திகள் இயேசுவின் சாவைக் கடவுளின் திட்டத்தோடு இணைத்துப் பேசும்போதும் பிலாத்துவின் பெயரை விட்டுவிடவில்லை. விசுவாச அறிக்கையில் இன்றும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஆளுநரின் பெயர் சொல்லப்படுகிறது. மீட்பின் வரலாற்றை அறிக்கையிடும் வாய், கொலைக்குப் பொறுப்பான அதிகாரத்தையும் சேர்த்தே அறிக்கையிடுகிறது. செய்யப்பட்ட காயத்துக்குரிய கிறிஸ்தவ மறுமொழி இதிலேயே அடங்கியிருக்கிறது: நடந்ததைப் பெயரோடும் இடத்தோடும் நாளோடும் சொல்வது.

உயிர்ப்பின் கதையும் இதையே வலியுறுத்துகிறது. உயிர்த்த இயேசு தோமாவுக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். மகிமை பெற்ற உடலில் காயங்கள் மறையவில்லை. காயம் இருந்ததற்கான தடயத்தை அழித்துவிட்டு வரும் உயிர்ப்பைக் கிறிஸ்தவம் அறியாது. போருக்குப் பிந்திய இலங்கையில் கடந்ததை மறந்து முன்னேறுவோம் என்ற அழைப்பு பல திசைகளிலிருந்து வருகிறது. சமாதானத்தின் பெயரால் திருச்சபையும் சில வேளை அதைச் சொல்கிறது. தோமாவின் முன்னால் நடந்ததை ஏற்றுக்கொள்பவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே சமாதான வாழ்த்தும் காயங்களைக் காட்டுவதும் ஒரே காட்சியில் நடக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களில் புகைப்படங்களை ஏந்தி அமர்ந்திருப்பது அரசியல் போராட்டம். இறையியல் நோக்கில் அது காயத்தைக் காட்டும் செயலும் ஆகும். உடல் கிடைக்காததால் ஒப்பாரிகூடச் சொல்லி முடிக்க இயலாத அவர்களுக்குப் புலம்பல் மட்டும் போதாது, உண்மை வேண்டும்.

6. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, நலிவில் பொருள் காணும் எந்தப் பேச்சும் இறுதியில் அடிமைத்தனத்தைப் போற்றும் என்பது. ஜெர்மானியப் பெண் இறையியலாளர் டொரத்தே சோல்லே 1973இல் எழுதிய நூலில், துன்பத்தைக் கடவுளின் கையிலிருந்து பணிவோடு வாங்கிக்கொள்ளச் சொல்லும் கிறிஸ்தவத்தைக் கடுமையாகச் சாடினார். குடும்ப வன்முறையைப் பொறுத்துக்கொள்ளும்படி பெண்களுக்குச் சிலுவையைக் காட்டி அறிவுரை சொன்ன வரலாறு எங்கும் உண்டு. இந்த மறுப்பு சரியானது. அதை ஏற்றுக்கொள்வதால்தான் உயிரோடு பிறந்த நலிவையும் செய்யப்பட்ட காயத்தையும் பிரிக்க வேண்டும் என்கிறோம். அடிக்கும் கை இருக்கும் இடத்தில் பொறுமை புண்ணியமாகாது. அங்கே முதற்கடமை கையைத் தடுப்பது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. நலிவின் ஆன்மிகத்தைப் பேசுபவர்களே நலிந்தவர்களைச் சுரண்டலாம். கற்றல் குறைபாடுடையோர் மற்றவர்களோடு சேர்ந்து வாழும் ஆர்ஷ் சமூகங்களை 1964இல் பிரான்சில் தொடங்கிய ஜான் வனியே, பலவீனத்தின் அழகைப் பற்றி உலகெங்கும் மதிக்கப்பட்ட எழுத்தாளர். 2019இல் அவர் இறந்த பின்னர், ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் துர்நடத்தைக்கு உட்படுத்தியது அந்த அமைப்பு தானே நடத்திய விசாரணைகளில் வெளிவந்தது. 2023இல் வெளியான அறிக்கை பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர் என்றது. இதிலிருந்து கற்க வேண்டியது, நலிவைப் பற்றிய மொழி எவ்வளவு கனிவாக இருந்தாலும் அது பொறுப்புக்கூறலின் இடத்தை நிரப்பாது என்பதே. அந்த அமைப்பு தன் நிறுவுநரைப் பற்றிய உண்மையைத் தானே வெளியிட்டது. சாட்சியம் என்று இங்கே சொல்வதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு. தன் தவறைச் சொல்லத் துணியாத சபைக்கு மற்றவர் தவறைச் சுட்டும் தகுதியும் குறைந்துவிடுகிறது.

இந்த அளவுகோலை யாழ்ப்பாணத் திருச்சபையின்மீதும் வைக்க வேண்டும். சாதி செய்த காயம் குடாநாட்டில் போருக்கு முந்தியது. கிறிஸ்தவ ஆலயங்களும் பாடசாலைகளும் அதிலிருந்து விலகி நிற்கவில்லை. 1929இல் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து நின்றது யாழ்ப்பாணத்தின் பெருமை. ஆனால் சிலுவையில் தொங்கும் உடலுக்கு முன்னால் ஒன்றாக முழந்தாளிட்டவர்கள், பக்கத்தில் இருந்த உடலோடு ஒரே வாங்கில் இருக்க மறுத்தார்கள் என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. நலிவின் இறையியல் நேர்மையாக இருக்க வேண்டுமானால், தன் சமூகம் பட்ட காயத்தோடு தன் சமூகம் செய்த காயத்தையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருவது. புலம்பலும் பராமரிப்பும் சாட்சியமும் மனிதச் செயல்கள்தானே, அவற்றுக்குக் கிறிஸ்து எதற்கு என்று கேட்கலாம். சைவரும் அழுகிறார்கள், சமய நம்பிக்கையற்றவரும் நோயாளியைப் பார்க்கிறார்கள், மனித உரிமை அமைப்புகளும் சாட்சியம் திரட்டுகின்றன. இதை மறுக்கத் தேவையில்லை, மகிழ்ச்சியோடு ஏற்கலாம். கிறிஸ்தவ விசுவாசம் இந்தச் செயல்களுக்குத் தனியுரிமை கோருவதில்லை. கடவுள் தாமே நலிவுக்குள் வந்தார், காயப்பட்டார், அந்தக் காயங்களைக் கைவிடவில்லை என்ற நம்பிக்கையால், இவை வீண்போகாது என்று அது உறுதி சொல்கிறது. நோய் குணமாகாதபோதும், நீதி கிடைக்காதபோதும் தொடர்ந்து செய்வதற்கான காரணத்தை அந்த உறுதி கொடுக்கிறது. பவுலின் முள்ளும் நீங்கவில்லை. அவர் பணி நிற்கவும் இல்லை.

7. முடிவுரை

நலிவில் ஆன்மிகப் பொருள் காண்பது துன்பத்தை நியாயப்படுத்துவதாக ஆகாமல் இருக்க முடியும். அதற்கு நிபந்தனை, பொருளைத் துன்பத்துக்குள் தேடாமல் துன்பத்துக்குத் தரும் மறுமொழியில் தேடுவது. யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மரபில் அதற்கான வளங்கள் உள்ளன. வியாகுலப் பிரசங்கம் விளக்கம் சொல்லாமல் அழக் கற்றுத் தந்தது. சில்லாலையும் மானிப்பாயும் நோயை வணங்காமல் நோயாளியைக் கவனிக்கக் கற்றுத் தந்தன. நவாலியும் அல்லைப்பிட்டியும், செய்யப்பட்ட காயத்துக்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது என்பதைக் கற்றுத் தந்தன. இவற்றில் ஒன்றைத் தனியே எடுத்தால் மற்ற இரண்டும் குறைபடும். புலம்பல் மட்டும் நின்றால் வடிகாலாகும். பராமரிப்பு மட்டும் நின்றால் நீதியின் கேள்வியை மறக்கும். சாட்சியம் மட்டும் நின்றால் அருகில் படுத்திருக்கும் நோயாளியைக் காணாது.

இதன் நடைமுறை விளைவுகளும் தெளிவானவை. போரில் இறந்தவர்களுக்கான நினைவு வழிபாடுகளில் நிகழ்வின் நாளும் இடமும் பொறுப்பும் சொல்லப்பட வேண்டும். நோயாளருக்கான மறையுரையில் நோயைத் தண்டனையாகக் காட்டும் மொழி கைவிடப்பட வேண்டும். சாதியின் பெயரால் ஆலயத்துக்குள் நடந்தவை திருச்சபை வரலாறுகளில் எழுதப்பட வேண்டும். பின்தள்ளப்பட்ட புலம்பல் மரபு இறையியல் கல்லூரிகளின் பாடத்துக்குள் வர வேண்டும். இவற்றைச் செய்யும் திருச்சபை, வலுவின்மையில் கடவுளின் வல்லமை நிறைவாகிறது என்று போதிக்கும்போது, அந்தப் போதனையைக் காயப்பட்டவர்கள் நம்புவதற்குக் காரணம் இருக்கும்.